அம்மன் கயிற்றில் மீன் சாக்கு

இன்று காலை பல் தேய்த்துக்கொண்டு வாசலில் நின்றபோது தெருமுனையில் ஒரு மொபெட் ஹாரன் விடாமல் அடித்தது. ஆள் வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. மீனும் ஐஸ் தண்ணீரும் நனைந்த கோணிச்சாக்கும் சேர்ந்த அந்த வாடை. ஆறு வருடமாக எங்கள் தெருவில் அது வீசியதில்லை. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

வந்தவர் உங்கள் ஊர்க்காரர். பெட்டிமேல் உங்களைப் போலவே ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "முன்னாடி இந்தப் பக்கம் ஒரு அம்மா வருவாங்களே, நீல கலர் மொபெட்டு" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. "அந்த அக்காவா? எங்க தெருதாங்க. கார்த்திகை மாசம் தவறிட்டாங்க. சக்கரை. கால்ல புண்ணு வந்து ஆறவே இல்ல" என்றார். உங்கள் பெயரையும் சொன்னார். பன்னிரண்டு வருடம் உங்களிடம் மீன் வாங்கியவன், உங்கள் பெயரை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதை இங்கே எழுத எனக்குத் தகுதி இல்லை.

'நீங்கள்' என்று எழுதவே கை கூசுகிறது. நேரில் ஒரு நாளாவது உங்களை அப்படிக் கூப்பிட்டிருக்கிறேனா? "இந்தா மீன்காரம்மா, இங்க வா. சங்கரா இருக்கா?" அவ்வளவுதான் என் மரியாதை. உங்களுக்கு என்னைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். நீங்களோ ஒவ்வொரு பேச்சுக்கும் 'தம்பி' போட்டு, 'வாங்க, பாருங்க' என்பீர்கள். நான் குனிந்து மீனை மோந்து பார்த்தால், "தம்பி மீனை மூக்காலயே பாக்குறாரு. செவுளத் தூக்கிக் கண்ணால பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குன்னு" என்று சிரிப்பீர்கள். கேலி செய்தாலும் அதில் ஒரு 'ங்க' இருக்கும். அந்த 'ங்க'வை என் பிறப்புரிமை என்று நினைத்து வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தை வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாதது அதில் எதுவும் இல்லை. ஆனால் நான் இதுவரை யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அறுவடைக்கு முன்னால் எங்கள் அம்மன் வயல் பாதை வழியாக ஊர் எல்லையைச் சுற்றி வருவாள். தோளில் தூக்க ஆள் சேராமல் போன பிறகு டிராக்டர் டிரெய்லரில் வைத்துக் கொண்டுபோவது வழக்கமாயிற்று. அது என் டிராக்டர். அதற்காகத்தான் எனக்குப் பரிவட்டம், முதல் விபூதி எல்லாம். அந்தப் பெருமையில் எட்டு நாளும் தரையில் கால் பாவாமல் திரிவேன். காப்பு கட்டிய அந்த எட்டு நாளும் ஊருக்குள் கவிச்சி கூடாது. அது உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த நாட்களில் எங்கள் தெருப்பக்கமே திரும்ப மாட்டீர்கள். வாய்க்கால் கரையோடு நேராக அடுத்த ஊருக்குப் போய்விடுவீர்கள்.

அந்த வருடம் மார்கழிக் கடைசியில் மழை கொட்டியிருந்தது. மதகு தாண்டி வாய்க்கால் கரைப் பாதை மேலே காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே களி. அம்மனை ஏற்றிய வண்டி அதில் இறங்கி, பின் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. ஓட்டியவர் எங்கள் வீட்டு டிரைவர் மாரிமுத்து. அவர் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தார். சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளம்தான் ஆழமானது. நான் ஓடிப்போய் சித்தப்பாவின் டிராக்டரைக் கொண்டுவந்து முன்னால் கெட்டித் தரையில் நிறுத்தினேன். இரண்டுக்கும் நடுவே ஒரு நைலான் கயிறு. நாகப்பட்டினம் போனபோது பழைய சாமான் கடையில் வாங்கியது. மாரிமுத்து வண்டியின் முகப்பில் கயிற்றை முடிச்சுப் போட்டேன். என் பக்கத்து முனையில் ஒரு இரும்புக் கொக்கியைக் கட்டி, டிராக்டரின் பின்பக்கத்தில் மாட்டினேன்.

தேர் இழுத்துப் பழகிய ஊர் எங்களுடையது. கயிற்றைக் கண்டால் சும்மா இருக்க முடியாது. இருபது பேர் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, தொட்டுக் கும்பிட்டு, வடம் பிடிக்கிற மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். டிராக்டர் இழுக்கும்போது நாங்களும் ஒரு கை கொடுத்தால் புண்ணியம்தானே என்ற நினைப்பு. நானும் அதைத் தப்பு என்று நினைக்கவில்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். பாதை அடைத்துக் கிடந்ததால் மொபெட்டைத் தூரத்திலேயே நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். பிறகு கயிற்றைப் பார்த்தீர்கள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"தம்பி, இது கடல்ல போற போட்டுக் கயிறுங்க. இழுக்க இழுக்க ரப்பர் மாதிரி நீளும். அந்துச்சுன்னா, இல்ல கொக்கி வுட்டுச்சுன்னா, நீண்டதெல்லாம் ஒரே வீச்சுல திரும்பி வரும். ஆளுங்கள வெலகச் சொல்லுங்க."

"வாங்கினவனுக்குத் தெரியாதா? நீ ஓரமா நில்லு" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரரு இப்படித்தான் போனாரு. மீன்புடி போட்டைக் கரையேத்துறப்ப கொக்கி பறந்து வந்து நெஞ்சுல அடிச்சுச்சு. ரெண்டு புள்ளையயும் கையில புடிச்சுக்கிட்டு பாத்துக்கிட்டிருந்தேன்."

நீங்கள் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனாலும் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை விட்டு வயலுக்குள் இறங்கித் தள்ளி நின்றார்கள். அன்றைக்கு அந்த இருபது பேரும் கை காலோடு வீட்டுக்குப் போனார்கள் என்றால் அது உங்களால்தான். இதுவும் எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"கொக்கி வேணாங்க தம்பி. கயித்தயே வண்டியில சுத்தி முடிச்சுப் போட்டுருவோம். நான் போட்டுத் தரவா?" என்று கேட்டு ஒரு அடி முன்னால் வந்தீர்கள். நான் பதறிப்போய், "நீ தொடாத!" என்றேன். அந்தப் பதற்றம் மாரிமுத்துவுக்காக வந்ததில்லை. மீன் கை அம்மன் கயிற்றில் படப்போகிறதே என்று வந்தது.

நீங்கள் நின்றுவிட்டீர்கள். பிறகு என்ன நினைத்தீர்களோ, திரும்பிப் போய் மீன் பெட்டியை மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்துவந்து, கயிற்றின் நடுவில் குறுக்காகப் போட்டீர்கள். "பாரம் இருந்தா கயிறு தெறிச்சாலும் மேல எழும்பாது. கீழ விழுந்துரும். எங்க பக்கமெல்லாம் இப்படித்தான்" என்றீர்கள்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். சித்தப்பா மட்டும் வாயைத் திறந்தார். "அம்மன இழுக்குற கயித்துல மீன் சாக்கா? என்னடா, வாயில ஈ போறது தெரியாம நிக்குற?"

பரிவட்டம் கட்டிய தலையோடு நின்றேன். ஊர் முழுக்க என்னையே பார்த்தது. கீழே கிடந்த ஒரு கருவேலங்குச்சியை எடுத்தேன். கையால் தொடவில்லை. குச்சியின் நுனியில் அந்தச் சாக்கைத் தூக்கி வாய்க்காலில் எறிந்தேன். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நீங்கள் பார்த்தீர்கள்.

அதற்குப் பிறகும் நீங்கள் போகவில்லை. "சரிங்க தம்பி, சாக்கு வேணாம். வேற ஏதாச்சும் போடுங்க. வைக்கல் கட்டு போதும். ஈரத் துணி போதும். இடுப்புல கட்டியிருக்கீங்களே, அந்தத் துண்ட நனச்சுப் போட்டாக்கூடப் போதும்" என்றீர்கள். இதை நினைத்தால்தான் சோறு இறங்காது. சாமி காரியம், தீட்டு என்று நான் இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம் எதுவும் அந்த வார்த்தைக்கு முன்னால் நிற்காது. என் துண்டில் தீட்டு இல்லை. பத்தடி தூரத்தில் வைக்கோல் போர் இருந்தது. மீன் விற்க வந்தவள் சொல்லி நான் கேட்பதா என்பதுதான் விஷயம். வேறு ஒன்றுமே இல்லை.

"வெட்டி இழுக்காதீங்க தம்பி, மெதுவா!" என்று கடைசியாகக் கத்தினீர்கள். நான் சித்தப்பாவின் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னதற்காகவே கயிற்றைத் தொய்யவிட்டு வெட்டி இழுத்தேன். முதல் தடவை வண்டி அசைந்தது. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம். மூன்றாவது தடவை பின்னால் வேட்டு போட்ட மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது நான் ஓட்டிய டிராக்டரில் கொக்கி இல்லை. மாரிமுத்து ஸ்டியரிங்மேல் சாய்ந்து கிடந்தார்.

எல்லோரும் கல்லாக நிற்க, சேற்றில் விழுந்து எழுந்து ஓடியவர் நீங்கள். வண்டிமேல் ஏறி அவர் தலையை மடியில் வைத்து, முந்தானையைச் சுருட்டி முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை அம்மனுக்கு முன்னால், அம்மன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அந்த முக்கால் மணி நேரம் யாருக்கும் தீட்டு ஞாபகம் வரவில்லை.

மாரிமுத்துவின் வலது கண் போய்விட்டது. தாடையில் கம்பி வைத்தார்கள்.

மறு வாரம் கோயிலில் ஊர்க்கூட்டம். ஏன் இப்படி ஆனது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சித்தப்பாதான் ஆரம்பித்தார், கவிச்சி பட்ட கயிற்றை அம்மன் எப்படிப் பொறுப்பாள் என்று. ஊர்த் தலைவர் என் பக்கம் திரும்பினார். "நீதான பக்கத்துல இருந்த. சாக்கு கயித்துல பட்டுச்சா, இல்லையா?"

"பட்டுச்சு" என்றேன்.

பொய் சொன்னேன் என்று யாரும் சொல்ல முடியாது. சாக்கு பட்டது உண்மைதான். அதை எடுத்தது நான், எடுத்த பிறகுதான் கொக்கி பறந்தது, வெட்டி இழுத்தது நான், கொக்கி வேண்டாம் என்றது நீங்கள். இத்தனையையும் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே தள்ளி உட்கார்ந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் ஒரு பருக்கைச் சோற்றிலேயே மறைத்துவிட்டேன். கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே நின்றவர்கள். அவர்களும் பார்த்தவர்கள்தான். நான் சொன்னதும் அவர்களுக்கும் நிம்மதி. உண்மை வெளியே வந்தால் பரிவட்டம் போய்விடும், மாரிமுத்துவின் மாமன் மச்சான்கள் வாசலில் வந்து நிற்பார்கள், காலத்துக்கும் என் பேச்சு ஊரில் எடுபடாது. அன்றைக்கு என் மனதில் ஓடியது இதுதான்.

பரிகாரப் பூசை செய்வது, நீங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்று தீர்மானம். சொல்லிவிட்டு வரவும் என்னையே அனுப்பினார்கள். மெயின் ரோட்டுத் திருப்பத்தில் உங்களை நிறுத்தினேன்.

"இனிமே ஊருக்குள்ள வர வேணாம்னு சொல்றாங்க."

"யாருங்க தம்பி சொல்றாங்க?"

"ஊருல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நான் உங்கள் மொபெட்டின் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அந்த டிரைவரு தம்பி சாப்புடுறாரா?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து நான்கு சங்கராவை எடுத்து வாழை இலையில் சுற்றிக் கொடுத்தீர்கள். "முள்ளு எடுத்துக் கஞ்சியில பெசஞ்சு குடுக்கச் சொல்லுங்க. தாடை வலிக்கும்" என்றீர்கள். வாங்கிக்கொண்டேன். மாரிமுத்துவின் மனைவியிடம் கொடுத்தபோது, நான் வாங்கிவந்ததாகச் சொன்னேன். அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டது.

நம் பகுதியில் ஒரு ஊர் கதவை மூடினால் அடுத்த ஊரும் ஏன் என்று கேட்காமல் மூடும். நான்கு ஊர் உங்களுக்கு அப்படிப் போயிற்று. இதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு நாள் கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டில் உங்களைப் பார்த்தேன். மொபெட் இல்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏற்றிக்கொள்ளும்படி ஒரு கண்டக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தீர்கள். கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. நான் நின்றிருந்த இடத்திலிருந்து பத்தடி. ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றேன். உங்கள் பஸ் போன பிறகும் நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள். அதற்குப் பிறகு சேற்றில் சிக்கிய வண்டி எதுவானாலும் ஊரில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அறுவடை மெஷின், நெல் லாரி, கல்யாண வேன். கொக்கி போட மாட்டேன். கயிற்றில் நார் விட்டிருக்கிறதா என்று சாண் சாணாகத் தடவிப் பார்ப்பேன். கயிற்றின் நீளத்துக்கும் ஒரு பங்கு கூடுதலாக ஆட்களைத் தள்ளி நிறுத்துவேன். சிக்கிய வண்டியின் முன் கண்ணாடிக்குப் பலகை வைப்பேன். நடுவில் ஈரச் சாக்குப் போட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி இழுக்கச் சொல்வேன். "இதெல்லாம் யாருகிட்டங்க கத்துக்கிட்டீங்க?" என்று வெளியூர் டிரைவர்கள் கேட்பார்கள். "யூடியூப்ல பாத்தேன்" என்பேன்.

இதுவரை எழுதிவிட்டு மடித்து வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து மறுபடி எடுக்கிறேன். நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நேற்று முன்தினம் மாரிமுத்துவைத் தேடிப் போனேன். ஒற்றைக் கண்ணோடு டிராக்டர் ஓட்ட முடியாததால் இப்போது எங்கள் வயலுக்குத் தண்ணீர் கட்டுகிறார். மடையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். நீங்கள் தவறிப்போன செய்தியைச் சொன்னேன். பிறகு சாக்கைப் பற்றிச் சொன்னேன்.

அவர் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். "தெரியும்ணே. நான் வண்டிமேலதான உக்காந்திருந்தேன். நீங்க குச்சியால எடுத்துப் போட்டதப் பாத்தேன். போன இந்தக் கண்ணால கடைசியாப் பாத்ததே அதாண்ணே."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமா? உங்க வீட்டுச் சோறு திங்கிறவன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்." பிறகு மண்வெட்டியில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே, "அந்த அக்காவ ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்தேன். அவங்களும் அதையேதான் சொன்னாங்க. தம்பி சொல்லுவாரு, அவசரப்படாதன்னு" என்றார்.

நீங்கள் என்னை அப்படி நம்பியிருக்க வேண்டாம்.

நேற்று சாயங்காலம் இந்த வருட எல்லை சுற்றுதலுக்காகக் கோயிலில் கூட்டம். எழுந்து நின்றேன். சாக்கை எடுத்து எறிந்தது நான், கொக்கி மாட்டியது நான், அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வெட்டி இழுத்தது நான், கூட்டத்தில் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்ததும் நான் என்று சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருக்கிறவன் மாதிரி நின்றேன்.

சித்தப்பாவுக்கு இப்போது காது கேட்பதில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் "என்னவாம்?" என்று கேட்டார். மாரிமுத்துவின் மச்சான், "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றான். கோபமாகக்கூட இல்லை. தலைவர் கொட்டாவி விட்டார். "சரிப்பா, அதுக்கென்ன இப்ப? அந்தம்மாதான் போய்ச் சேந்துருச்சே. உக்காரு. இந்த வருசமும் உன் வண்டிதான?"

"இல்லை, என் வண்டி வராது" என்றேன். "சரி, வேற வண்டி பாப்போம்" என்று ஜெனரேட்டர் யார் எடுப்பது என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். யாரோ என் கையில் டீயைக் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் என் வாசலுக்கு வரவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எழுந்து சொல்லி முடித்து உட்கார இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் ஆறு வருடமாக உங்களுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தேன்.